இரண்டாவது குதியில் செத்த பந்து

என் வீட்டுக்காரர் நிக்காசியோ எங்கள் லெகார்சா ஊர் அணிக்காகப் பதினோரு வருஷம் கோல் காத்தார். அத்தனை வருஷத்தில் அவர் பிடித்த பந்துகளைப் பற்றித் துறைமுகத்தில் யாரிடமாவது கேட்டால் தலையைச் சொறிவார்கள். பிடிக்காமல் விட்ட ஒரே ஒரு பந்தைப் பற்றிக் கேளுங்கள், மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்து கதை சொல்வார்கள். சொல்வதெல்லாம் தப்பும் தவறுமாக இருக்கும். கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. நான் மத்தி விற்கிறவள்தான், கதை சொல்கிறவள் இல்லை. ஆனால் அந்தப் பந்து உருண்டு போனபோது கோலுக்குப் பின்னால் நின்றது நானும் என் அப்பாவும் மட்டும்தான். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

அப்பாவிலிருந்து ஆரம்பித்தால்தான் சரியாக வரும். அவர் பெயர் கோஸ்மே. வாரத்தில் ஆறு நாள் படகுகளுக்குக் கயிறு திரிப்பார். ஏழாம் நாள், பூசை முடிந்ததும், அவர்தான் ராஜா. எங்கள் வேதக்கோயிலின் பின்சுவரில்தான் சுவர்ப்பந்து ஆடுவார்கள். உள்ளங்கையால் பந்தைச் சுவரில் அடிக்க வேண்டும், திரும்பி வருவதை எதிராளி அடிக்க வேண்டும். பந்து தரையில் ஒரு தடவை குதிக்கலாம். இரண்டாவது தடவை குதித்தால் பந்து செத்தது, ஆட்டம் அதோடு நின்றது. செத்ததா இல்லையா என்று சொல்வது நடுவர். எங்கள் ஊரில் முப்பது வருஷமாக நடுவர் என் அப்பா. "செத்துச்சு" என்று அவர் இழுத்துச் சொன்னால் கோயில் கோபுரத்துப் புறா எழும்பும். அதற்கப்புறம் ஆட்டக்காரன் வாயைத் திறக்கக் கூடாது. முகத்தைச் சுளித்தாலே போதும், ஒரு மாதத்துக்கு அவனை வைத்து ஊர் சிரிக்கும்.

நடுவருக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. தான் சொன்னது தப்பு என்று அவருக்கே தெரிந்துவிட்டால், தலையில் இருக்கும் வட்டத் தொப்பியைக் கழற்றிக் களத்தின் நடுவில் வைத்து, தப்பு என்னுடையது என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும். அந்தப் பந்தை மறுபடி ஆடுவார்கள். என் அப்பாவின் தொப்பி களத்தைத் தொட்டதே கிடையாது. கோயிலுக்குள்ளும் கடைசித் தூணின் இருட்டில் நின்றுதான் அதைக் கழற்றுவார். தூங்கும்போது கழற்றுவாரா என்பது எனக்கே தெரியாது.

நிக்காசியோ எங்கள் கோயில் பங்கின் சுவர்ப்பந்து ஆட்டக்காரர். கை என்றால் கை அல்ல, பலகை. அந்தக் கையைப் பார்த்துத்தான் அப்பா எனக்கு அவரைக் கட்டிவைத்தார். மாப்பிள்ளையின் முகத்தை அவர் பார்த்தாரா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம். அப்பாவின் வீட்டிலேயே நாங்கள் குடியிருந்தோம். சாப்பாட்டு மேசையில் மாமனும் மருமகனும் பந்தைப் பற்றியே பேசித் தீர்ப்பார்கள். நான் வைத்த குழம்பு என்ன மீன் என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

அப்போதுதான் இந்தக் கால்பந்து வந்து சேர்ந்தது. மத்தி டப்பாத் தொழிற்சாலை முதலாளி தோன் உர்பானோ லண்டனில் இரண்டு குளிர்காலம் இருந்துவிட்டு, ஒரு தோல் பந்தும் ஒரு விசிலும் கொண்டுவந்தார். தொழிற்சாலைக்குப் பின்னால் மாடு மேய்கிற புல்வெளி மைதானமானது. பங்குச் சாமியார் மெலித்தோன் அங்கியை இடுப்பில் செருகிக்கொண்டு முதல் ஆளாக இறங்கினார். ஒருநாள் கோல் காக்கிறவன் சூரைப் படகோடு கடலுக்குப் போய்விட்டான். சாமியார் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"நிக்காசியோ, சும்மா ரெண்டு கம்புக்கு நடுவுல நிக்கணும். பந்து வந்தா தட்டணும். நீ பாக்காத பந்தாப்பா?"

நிக்காசியோ போனார். வந்த பந்தையெல்லாம் உள்ளங்கையால் அறைந்து பாதி மைதானத்துக்கு அந்தப் பக்கம் அனுப்பினார். சுவர்ப்பந்து கல் மாதிரி இருக்கும், ஆடி முடித்தால் கை வீங்கும். இந்தத் தோல் பந்து அவருக்கு ரொட்டி மாவு. ஊர் ஆர்ப்பரித்தது. மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை.

அதோடு விட்டிருந்தால் ஒன்றுமில்லை. அந்த வருஷம் புனித இராயப்பர் திருநாளன்று சுவர்ப்பந்தும் இருந்தது, பக்கத்து ஊரில் கால்பந்தும் இருந்தது. இவர் காலையிலேயே கயிற்றுச் செருப்பை மாட்டிக்கொண்டு கால்பந்துக்குக் கிளம்பிவிட்டார். ஊர் முழுக்கக் கோயில் சுவரைச் சுற்றி நிற்க, களத்தில் ஒரு பக்கம் ஆளே இல்லை. அப்பா காத்திருந்து பார்த்துவிட்டு, சொந்த மருமகனுக்குத் தோல்வி என்று அறிவித்தார். வீட்டுக்கு வந்தார். அன்றிலிருந்து நிக்காசியோவோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒரே வீடு, ஒரே மேசை, மூன்று பேர். நடுவில் நான். அந்தக் கூத்தை என்னவென்று சொல்வது.

"காசில்தா, உன் புருஷன்கிட்ட உப்பை எடுக்கச் சொல்லு."

உப்பு என் வீட்டுக்காரர் முழங்கைக்குப் பக்கத்தில் இருக்கும். நான் எழுந்து, கையை நீட்டி, எடுத்து, கொடுப்பேன்.

"காசில்தா, உன் அப்பாகிட்ட சொல்லு, கூரையில ஓடு ஒண்ணு நகந்திருக்கு, நாளைக்கு நான் ஏறிப் பாக்கிறேன்னு."

"உன் புருஷன்கிட்ட சொல்லு, என் வீட்டுக் கூரைய நான் பாத்துக்கிறேன்னு."

அப்புறம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஏணியைத் தேடுவார்கள். மத்திக் கூடையைச் சுமப்பதுகூட எனக்குப் பெரிதில்லை. இந்த இரண்டு ஊமைகளின் பேச்சைச் சுமந்ததில்தான் எனக்கு முதுகு வலி வந்தது.

இதில் நான் கர்ப்பமானேன். எங்கள் பக்கம் முதல் பிள்ளையை ஞானஸ்நானத்தில் ஏந்தி ஞானத்தகப்பனாக நிற்பது அம்மாவைப் பெற்றவர். இது யாரும் கேட்டுச் செய்வதில்லை, காலங்காலமாக நடப்பது. நானும் கேட்கவில்லை. அப்பாவே ஒருநாள் சூப்பைக் குடித்துக்கொண்டே சொன்னார்.

"கால்பந்துக்காரன் பிள்ளைக்கு நான் ஞானத்தகப்பனா நிக்க மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன், வேற ஆளப் பாத்துக்கோ."

எனக்கு வயிற்றில் இருந்ததுகூட ஒரு உதை உதைத்தது. என் அப்பா உயிரோடு இருக்கும்போது என் பிள்ளையை ஞானஸ்நானத் தொட்டியில் வேறு எவனோ ஏந்துவதா? ஊர் என்ன பேசும் என்பதுகூட அப்புறம். எனக்கே தாங்காது. பிள்ளை பிறப்பதற்குள் இவர்கள் இரண்டு பேரையும் பேசவைத்தாக வேண்டும் என்று அன்றைக்கே முடிவுசெய்தேன்.

வசந்தத்தில் கடற்கரைக் கோப்பையின் கடைசி ஆட்டம் வந்தது. எங்களுக்கும் கழிமுகத்துக்கு அக்கரையில் இருக்கிற முந்தாரிக்கும். எனக்கு அப்போது எட்டாவது மாதம்.

"அப்பா, நான் மைதானத்துக்குப் போறேன்."

"இந்த வயித்தோடயா? கூட்டத்துல எவனாவது இடிச்சா?"

"இடிச்சா விழுவேன். பிடிக்கிறதுக்குத்தான் யாரும் இல்லையே."

அப்பா குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். வழியெல்லாம் முணுமுணுப்பு. கூட்டம் நெரிக்காத இடம் கோலுக்குப் பின்புறம்தான். பந்தும் சேறும் மூஞ்சியில் அடிக்கும் என்று அங்கே யாரும் நிற்க மாட்டார்கள். நாங்கள் அங்கே நின்றோம். பூந்தூறல் விழுந்துகொண்டிருந்தது. அப்பா குடையை என் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, மைதானத்துக்கு முதுகைக் காட்டி, மாட்டுக் கொட்டகையைப் பார்த்து நின்றார்.

கொட்டகையில் பார்க்க என்ன இருக்கிறது? கொஞ்ச நேரத்தில் கழுத்து திரும்பியது. அப்புறம் ஒரு தோள். இடைவேளைக்குள் ஆள் முழுதாகத் திரும்பிவிட்டார். குடை என் தலையை விட்டு எங்கேயோ போய்விட்டது, நான் நனைந்துகொண்டிருந்தேன்.

"அவன் ஏன் பந்தைக் கட்டிப் பிடிக்கிறான்? அறைஞ்சு தள்ள வேண்டியதுதானே?"

"எவன்?"

"உன் புருஷன்."

"அவர்கிட்டயே கேளுங்க. நாலு எட்டுதான்."

"நான் ஏன் கேக்குறேன்?"

ஆளுக்கு ஒரு கோல் என்று ஆட்டம் முடியப் போகிற நேரம். முந்தாரிக்காரர்கள் கூட்டிவந்த பேண்டுக் குழு அந்தப் பக்கம் முழக்கிக்கொண்டிருந்தது. அவர்கள் தலைவன் ரொமுவால்தோ, ரொட்டிக் கடைக்காரன், தூரத்திலிருந்து ஒரு உதை விட்டான். உதையா அது. என் வயிற்றில் இருந்த பிள்ளை அதைவிட நன்றாக உதைக்கும். பந்து உயரப் போய், சோம்பேறித்தனமாகக் கீழே வந்து, புல்லில் ஒரு தடவை குதித்தது. நிக்காசியோ இரண்டு கையையும் விரித்துக்கொண்டு காத்திருந்தார். பந்து இரண்டாவது தடவை குதித்தது.

"செத்துச்சு."

என் காதுக்குப் பக்கத்தில்தான் அந்தச் சத்தம். முப்பது வருஷத்துத் தொண்டை. அப்பா வேண்டுமென்று சொல்லவில்லை. தும்மல் வருவதுபோல் அவரை அறியாமல் வந்துவிட்டது. நிக்காசியோவும் வேண்டுமென்று கேட்கவில்லை. பத்து வயதிலிருந்து அந்தக் குரலுக்குக் கை இறக்கிப் பழகின உடம்பு. நிமிர்ந்தார், கையைக் கால்சட்டையில் துடைத்தார், அடுத்த ஆட்டத்துக்கு ஆயத்தமாகிறவர்போலத் தலையைக் குனிந்தார். பந்து அவர் கால் பக்கமாக, அவசரமே இல்லாமல் உருண்டு கோலுக்குள் போனது.

பேண்டு வாத்தியம் நின்றுவிட்டது. முந்தாரிக்காரர்களுக்கே நம்ப முடியவில்லை. கொஞ்சம் கழித்துத்தான் அவர்களுக்குச் சந்தோஷப்பட வேண்டும் என்று தோன்றியது.

நிக்காசியோ திரும்பி எங்களைப் பார்த்தார். என்னை இல்லை, அப்பாவைப் பார்த்தார். அப்பாவின் வாய் இன்னும் திறந்திருந்தது. ஒரு நிமிஷம் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டார்கள். பிறகு நிக்காசியோ திரும்பிப் போய்ப் பந்தை எடுத்து நடுவில் இருந்தவர்களிடம் எறிந்தார். ஆட்டம் முடிந்தது, கோப்பை படகேறி அக்கரைக்குப் போனது.

மறுநாள் தோன் உர்பானோவும் மற்றவர்களும் அவரைத் தொழிற்சாலைக்குக் கூப்பிட்டு விசாரித்தார்கள்.

"மழையில வழுக்கிருச்சா? கண்ணுல சேறு அடிச்சுதா? ஏதாவது ஒண்ணு சொல்லுப்பா. நம்புறதுக்கு நாங்க தயாரா இருக்கோம்."

"இல்லீங்க. ரெண்டு தடவ குதிச்சுது. செத்துருச்சுன்னு விட்டுட்டேன். பழக்கதோஷம்."

அவர்கள் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, அவரை அணியிலிருந்து எடுத்துவிட்டார்கள். கணக்குப்பிள்ளை தொரிபியோவைக் கோலில் நிறுத்தினார்கள். அவன் மூக்குக்கண்ணாடி போட்டால்தான் பந்தைப் பார்ப்பான். பந்து வந்தால் மூக்குக்கண்ணாடியைப் பொத்திக்கொள்வான்.

அப்புறம் ஊர் பிடித்துக்கொண்டது. நிக்காசியோ என்ற பெயரே மறந்துபோய், எல்லோருக்கும் 'ரெண்டு குதி' ஆகிவிட்டார். மீன் சந்தையில் என் எதிர்க்கடை உர்சுலா ஒரு மத்தியை வாலில் பிடித்துத் தூக்கினாள்.

"காசில்தா, இது ஒரு தடவ குதிச்சுதா, ரெண்டு தடவயா? ரெண்டுன்னா செத்த மீன், எனக்கு வேணாம்."

"உன் வீட்டுக்காரரு நேத்து ஆப்பிள் கள்ளுக் கடையிலேர்ந்து வீட்டுக்கு வர்றதுக்குள்ள எத்தனை தடவ விழுந்தாருன்னு எண்ணிட்டு வா. அப்புறம் மீனை எண்ணலாம்."

வாய்க்கு வாய் பதில் கொடுத்தேனே தவிர, வீட்டுக்கு வந்து அழுதேன். யார் சத்தம் போட்டது என்று சந்தையில் ஏறி நின்று கத்தவேண்டும்போல் இருந்தது. நிக்காசியோ விடவில்லை.

"வாயை மூடிட்டு இரு, காசில்தா. முப்பது வருஷமா தொப்பி இறக்காத மனுஷன். எனக்காக அவரு தலை குனியணுமா?"

"அப்ப உங்க தலை?"

"எனக்குத் தொப்பியே இல்லையே" என்று சிரித்தார். அவரை அடிக்கலாமா கட்டிக்கொள்ளலாமா என்று எனக்குத் தெரியவில்லை.

அப்பா அந்த வாரம் முழுக்கக் கயிறு திரித்தார். திரித்ததெல்லாம் முடிச்சு விழுந்தது. கள்ளுக் கடையில் 'ரெண்டு குதி' என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து வந்துவிட்டாராம். சனிக்கிழமை சிவப்பு பீன்ஸ் வைத்திருந்தேன், அவருக்கு உயிர். இரண்டு கரண்டிகூட இறங்கவில்லை. கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டார்.

"காசில்தா, உன் புருஷன்கிட்ட கேளு. ஏன் சொல்லலன்னு கேளு."

நான் நிக்காசியோ பக்கம் திரும்பினேன். "ஏன் சொல்லலன்னு கேக்குறாரு."

நிக்காசியோ ரொட்டியால் தட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "நடுவர் சொன்னப்புறம் ஆட்டக்காரன் வாய் திறக்கக் கூடாதுன்னு உன் அப்பாகிட்ட சொல்லு."

அதை நான் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அப்பாவின் முகம் என்னமோபோல் ஆனது. எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். பீன்ஸ் ஆறிப்போனது.

மறுநாள் பூசை முடிந்து எல்லோரும் கோயில் சுவரைச் சுற்றிக் கூடினார்கள். இரண்டு ஜோடி ஆட்டக்காரர்கள் கையைச் சூடாக்கிக்கொண்டு நின்றார்கள். நிக்காசியோ கூட்டத்தின் கடைசியில், தன்னை யாரும் பார்க்காத இடத்தில் இருந்தார். அப்பா நடுவர் இடத்துக்குப் போகாமல் நேராகக் களத்தின் நடுவுக்கு வந்தார். தொப்பியைக் கழற்றினார். நெற்றி வரைக்கும் வெயில் பட்ட கறுப்பு, அதற்கு மேல் வெயிலே காணாத வழுக்கை, பால் வெள்ளை. யாரோ ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா தொப்பியைத் தரையில் வைத்தார்.

"போன ஞாயித்துக்கிழமை கால்பந்துல ஒரு பந்து ரெண்டாவது தடவ குதிச்சுது. செத்துச்சுன்னு சத்தம் போட்டது நான். அந்த ஆட்டத்துல பந்து சாகாதாம். தப்பு என்னோடது. அவன் நடுவர் பேச்சுக்குக் கட்டுப்பட்டு நின்னான். ஒரு வார்த்தை பேசல."

நான் நிக்காசியோவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மெலித்தோன் சாமியார்தான் முதலில் வாய் திறந்தார். அவர் கண்ணில் ஒரு குறும்பு. "அப்ப வழக்கப்படி அந்தப் பந்தை மறுபடி ஆடணுமே, கோஸ்மே."

"ஆடணும்."

தோன் உர்பானோ சிரித்தார். "கால்பந்துல அப்படியெல்லாம் விதி கிடையாது பெரியவரே. லண்டன்ல இதைச் சொன்னா சிரிப்பாங்க."

"லண்டன்ல எனக்கு மருமகன் இல்ல" என்றார் அப்பா.

மருமகன் என்று சொன்னார். ஒரு வருஷமாக 'உன் புருஷன்', 'உன் புருஷன்' என்று என் காதில் ஓதியவர். ஆனால் அதுவும் ஊரிடம் சொன்னதுதான். அவரிடம் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. களத்திலிருந்து வெளியே வந்தபோது நிக்காசியோவைத் தாண்டித்தான் போனார், தொப்பியை மாட்டிக்கொண்டே, தரையைப் பார்த்துக்கொண்டே.

அன்று மத்தியானமே அப்பாவும் சாமியாரும் படகேறி முந்தாரிக்குப் போனார்கள். ரொமுவால்தோ மாவுக் கையோடு கடை வாசலில் நின்று கேட்டானாம். கேட்டு முடித்ததும் கையிலிருந்த மாவைத் தட்டிவிட்டுச் சொன்னானாம்.

"கோஸ்மே மாமா, எங்க ஊர்த் திருநாள்ல வந்து உங்க ஊர்க்காரனுக்கு எதிரா எங்களுக்குத் தீர்ப்புச் சொன்னவரு நீங்க. நீங்க தப்புன்னா தப்புதான். அந்த ஒரு பந்தை நான் மறுபடி அடிக்கிறேன். ஆனா கோப்பையத் திருப்பித் தர மாட்டோம். அதுல என் சம்சாரம் கரண்டி போட்டு வச்சிருக்கா."

"கோப்பைய யாருப்பா கேட்டா?" என்றாராம் அப்பா.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு பந்தைப் பார்க்க இரண்டு ஊரும் கூடியது. சாப்பாட்டுக் கூடை என்ன, ஆப்பிள் கள் பீப்பாய் என்ன. பேண்டுக் குழுவும் வந்திருந்தது. அன்றைக்கென்று நல்ல வெயில். அப்பா ஒப்பவில்லை. அன்றைக்கு மழை பெய்த தரை, பந்து குதிக்கிற விதமே வேறு என்று சொல்லி, கோலுக்கு முன்னால் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றவைத்தார். தோன் உர்பானோ தன் விசிலோடு ஒரு ஓரமாக நின்றார். அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

நானும் அப்பாவும் அதே இடத்தில் நின்றோம். வெயிலுக்குக் குடை. அவருடைய இன்னொரு கை வாயைப் பொத்தியிருந்தது. தன் தொண்டையை அவருக்கே நம்பிக்கையில்லை.

ரொமுவால்தோ உதைத்தான். பந்து மாட்டுக் கொட்டகைக்குள் போனது. மாடு கத்தியது, ஊர் சிரித்தது. செல்லாது என்றார்கள். அடுத்தது ஒரே குதியில் வந்தது, அதுவும் செல்லாது. அவனுக்கு வேர்த்துவிட்டது. ஜெயித்த அன்றைக்குக்கூட அவன் இவ்வளவு கஷ்டப்படவில்லை. மூன்றாவது உதை உயரப் போய், அதே மாதிரி சோம்பிக்கொண்டு இறங்கியது. ஒரு குதி. நிக்காசியோ கையை விரித்தார். இரண்டாவது குதி.

அவர் கை பின்னால் இழுத்தது. நான் என் கண்ணால் பார்த்தேன். ஒரு விரற்கடைதான், ஆனால் இழுத்தது. சின்ன வயசிலிருந்து பழகின கை, இரண்டு வாரத்தில் மாறுமா? தோள் நிமிர ஆரம்பித்துவிட்டது. போச்சு, மறுபடியும் விடப் போகிறார் என்று நினைத்தேன்.

அப்பா வாயிலிருந்து கையை எடுத்தார்.

"உசுரோட இருக்குடா. பிடிடா, நிக்காசியோ."

நிக்காசியோ சேற்றில் விழுந்தார். பந்தை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டு சுருண்டு கிடந்தார். கூட்டம் கத்தியது, பேண்டு முழங்கியது, முந்தாரிக்காரர்கள்கூடத் தொப்பியை எறிந்தார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. அடிபட்டுவிட்டதோ என்று பயந்து நான் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். அடி ஒன்றும் இல்லை. அழுதுகொண்டிருந்தார், மடையர்.

அப்பா குடையோடு உள்ளே போய் அவர் தலைக்கு மேல் பிடித்தார்.

"எந்திரி. இந்தச் சட்டைய யாரு துவைப்பா? மாசமா இருக்கிற என் மகளா?"

"இல்ல மாமா. நானே துவைச்சுக்கிறேன்."

மறு வாரமே அவரை மறுபடி அணியில் சேர்த்துக்கொண்டார்கள். தொரிபியோ நிம்மதியாகக் கணக்குப் பார்க்கப் போனான். அதற்கப்புறம் நிக்காசியோ எத்தனையோ நல்ல பந்துகளைப் பிடித்தார். பெரிய ஊர்க் குழுக்காரர்கள்கூட வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். இவர் போகவில்லை. மாமாவுக்குப் படகு ஒத்துக்காது என்று என்னிடம் காரணம் சொன்னார். என் அப்பா படகுக்குக் கயிறு திரிக்கிறவர். கடைசிவரைக்கும், எங்கள் மைதானத்தில் பந்து இரண்டாவது தடவை குதித்தால் போதும், மொத்தக் கூட்டமும் "உசுரோட இருக்குடா" என்று கத்தும். அவர் காது சிவக்கும். கோலுக்குப் பின்னால் மழையோ வெயிலோ ஒரு குடை நிற்கும். அதன் கீழே இருந்த மனுஷர் அந்த ஆட்டத்தின் விதிகளைக் கடைசிவரை முழுசாகக் கற்றுக்கொள்ளவில்லை. ஆனால் தோன் உர்பானோவின் விசிலைத் திருத்தாத நாள் இல்லை.

பிள்ளை அடுத்த மாதம் பிறந்தான். அப்பா தொட்டிக்குப் பக்கத்தில், எல்லோரும் பார்க்க, வெள்ளை வழுக்கையோடு நின்று அவனை ஏந்தினார். மெலித்தோன் சாமியார் தண்ணீர் ஊற்றினதும் பிள்ளை வீறிட்டான். தொண்டை யாருடையது என்று கோயிலில் எல்லோருக்கும் தெரிந்தது.

வீட்டில் விருந்து. அப்பா, நிக்காசியோ, நான், மடியில் பிள்ளை. எண்ணெயில் பூண்டு போட்டு உப்பு மீன் வைத்திருந்தேன். அப்பா ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"உப்பை எடு."

ஒரு வருஷத்துப் பழக்கம். பிள்ளையை ஒரு கையில் மாற்றிக்கொண்டு, மேசைக்குக் குறுக்கே கையை நீட்டிவிட்டேன்.

"உன்னைக் கேக்கல" என்றார் அப்பா.

நிக்காசியோ உப்பை எடுத்து அவரிடம் கொடுத்தார். நீட்டின கையை நான் மடக்கிப் பிள்ளையின் மேல் வைத்துக்கொண்டேன். மீனில் உப்பு சரியாகத்தான் இருந்தது, எனக்குத் தெரியும்.